எந்த அணி நம் அணி?

பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் கௌதமபுரம் என்னும் குடியிருப்பு உள்ளது. குறுகிய தெருக்களும் நெருக்கமான வீடுகளும் கொண்ட அவ்விடத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. அதற்கு ‘மினி பிரேசில்’ என்றொரு பெயரும் உண்டு. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு, பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் பெலேயின் சிலையும் அங்கே இடம்பெற்றுள்ளது. ஞானியருக்கும் தலைவருக்கும் தொண்டருக்கும் அருகில் ஒரு விளையாட்டு வீரருக்கும் இடமளித்த மக்கள், அவ்விளையாட்டின்மீது எத்தகைய அன்பு கொண்டவர்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த அன்பு ஒருநாளில் முளைத்ததன்று. ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டு பெங்களூரில் படைக்குடியிருப்பை அமைத்தனர். படைவீரராகவும் தொழிலாளராகவும் வணிகராகவும் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் அங்கு வந்து குடியேறினர். ஆங்கிலப் படையினர் ஆடிய கால்பந்தை அம்மக்களின் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஆடக் கற்றனர். பின்னாளில் அந்த வெறுங்கால்கள் நெடுந்தொலைவு சென்றன. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரான்சை எதிர்கொண்டது. இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் காலணி அணியவில்லை. அந்த ஆட்டத்தில் இந்தியா 1-2 என்ற கணக்கில் தோற்றது. ஆயினும், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன் என்பது வரலாறு.

இவ்வரலாற்றை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர் ஒருவர் கௌதமபுரத்தில் வாழ்ந்து வருகிறார். அவருடைய தந்தையார் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். பெரியவரோ இங்கேயே பிறந்து, வளர்ந்து, ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் தமக்கெனக் கால்பந்து அணிகளை வைத்திருந்த காலம் அது. நன்றாக ஆடும் இளைஞனுக்கு ஆட்டமே வேலை வாங்கித் தரும் என்ற நம்பிக்கை தெருவெங்கும் இருந்தது. பெரியவரும் இளமையில் சி டிவிஷன் அணியொன்றில் ஆடியவர். ஆலை வேலை அவருக்கு ஆட்டத்தால் கிடைக்கவில்லை. ஆனால், ஆலையை விட்ட பின்னும் ஆட்டம் அவரை விடவில்லை.

பெங்களூர்க் கால்பந்தை அவர் ஓர் ஏணியாகக் காண்கிறார். தெருவணி அந்த ஏணி ஊன்றிய தரை. அதற்குமேல் சி, பி, ஏ டிவிஷன்கள். உச்சியில் சூப்பர் டிவிஷன். வென்ற அணி ஒரு படி ஏறும். கடைசியில் நின்ற அணி ஒரு படி இறங்கும். “ஏறவும் வழி வேண்டும், இறங்கவும் அச்சம் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் கடைசி ஆட்டத்திலும் உயிர் இருக்கும்” என்பது அவர் கருத்து.

நாடளாவிய போட்டிகளையும் அவர் இந்த அளவுகோலாலேயே அளக்கிறார். 2007ஆம் ஆண்டு ஐ-லீக் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு எட்டு அணிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் தோன்றியது. சில ஆண்டுகள் இரண்டும் தனித்தனியே நடந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏணி இல்லை. பின்னரே ஐ-லீக்கில் வாகை சூடும் அணி மேலே செல்ல வழி பிறந்தது. அவ்வழியில் பஞ்சாப் அணி 2023ஆம் ஆண்டிலும், கொல்கத்தாவின் முகமதன் அணி 2024ஆம் ஆண்டிலும் மேலேறின. ஆனால், சூப்பர் லீக்கின் கடைசி அணி கீழிறங்கும் முறை மட்டும் அப்போது வரவில்லை. “பாதி ஏணி செய்திருக்கிறார்கள்” என்று பெரியவர் சிரிப்பார்.

இத்தகைய குழப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் ஆடும் அந்நாட்டுக் கால்பந்து, நாம் ஆடும் ஆட்டத்தினின்றும் வேறுபட்டது. அங்குக் கல்லூரிகள் வட்டாரந்தோறும் கூட்டமைப்புகளாக இணைந்து ஆடி வந்தன. தொலைக்காட்சி வருவாய் பெருகியதும் பல கல்லூரிகள் பழைய கூட்டமைப்பைவிட்டுச் செல்வமிக்க கூட்டமைப்புகளுக்கு மாறின. 2024ஆம் ஆண்டு, மேற்குக் கடற்கரையின் பழம்பெரும் கூட்டமைப்பு ஒன்றிலிருந்த பன்னிரண்டு கல்லூரிகளுள் பத்து ஒரே நேரத்தில் வெளியேறின. தலைமுறைகளாக மோதிவந்த அண்டை ஊர்கள் பிரிந்தன. அணிக்கு வருவாய் கூடியது. இரசிகரோ பழகிய எதிரியை இழந்தார்.

அந்த இழப்பைப் பெங்களூர் இரசிகரும் அறிவார். 2013ஆம் ஆண்டு உருவான பெங்களூரு எஃப்.சி., தான் ஆடிய முதல் ஐ-லீக் பருவத்திலேயே வாகை சூடியது. 2015 மே 31 அன்று கண்டீரவா அரங்கில் மோகன் பகானை எதிர்த்து ஆடியது. வென்றால் மீண்டும் கோப்பை. பெங்களூரு ஒரு கோலுடன் முன்னிலையில் இருந்தது. 87ஆம் நிமிடத்தில் பகான் வீரர் பெல்லோ ரசாக் தலையால் முட்டிச் சமன் செய்தார். கோப்பை கொல்கத்தாவுக்குச் சென்றது. அத்தகைய ஆட்டங்களால் வளர்ந்த பகையும் மதிப்பும், 2017ஆம் ஆண்டு பெங்களூரு சூப்பர் லீக்குக்கு மாறியதும் லீக் ஆட்டங்களில் தொடர வழியின்றிப் போயிற்று. கொல்கத்தாவின் பெரிய அணிகளும் 2020ஆம் ஆண்டு அங்கு வந்து சேரும்வரை பெரியவர் காத்திருந்தார்.

ஆனால், புதிய லீக் வேறொரு கேள்வியை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா அரங்கில் இறுதிப்போட்டி. ஒருபுறம் பெங்களூரு, மறுபுறம் சென்னையின் எஃப்.சி. சென்னையிலிருந்து வந்திருந்த மருமகளின் தம்பியும், ஐந்தாம் வகுப்பில் படித்த பேரனும், பெரியவரும் தொலைக்காட்சியின்முன் அமர்ந்தனர். ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி கோலடிக்கப் பெரியவர் துள்ளி எழுந்தார். பின்னர்ச் சென்னையின் மெயில்சன் ஆல்வஸ் இருமுறை தலையால் முட்டிக் கோலாக்கினார், விருந்தினர் துள்ளினார். முடிவில் சென்னை 3-2 என வென்றது. பேரன் யாருக்காகத் துள்ளுவது என்று அறியாமல் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்திருந்தான்.

இரவில் அவன் கேட்டான்: “தாத்தா, நாம் தமிழர்தாமே? நீங்கள் ஏன் சென்னை அணியின் பக்கம் நிற்கவில்லை?”

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “என் தகப்பனாருக்குப் பிறந்த ஊர் ஒன்று, பிழைத்த ஊர் ஒன்று. எனக்கு இரண்டும் இந்த ஊர்தான். என் முழங்காலில் இருக்கும் தழும்பு இந்த மண்ணில் விழுந்தது. அதனால் என் அணி இது. ஆனால், வியாசர்பாடித் தெருவில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ் சென்னை அணியில் ஆடுவதைப் பார்க்கும்போது, நம் வீட்டுப் பிள்ளை ஆடுவதுபோல் மனம் மகிழ்கிறது. அதை நான் ஏன் தடுக்க வேண்டும்?”

“அப்படியானால் நான்?”

“அதை நான் சொல்லக் கூடாது, ஐயா. நீ மைதானத்துக்கு வா. ஆடு, பார். உன் அணி எது என்று உனக்கே தெரியும்.”

சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17 அன்று, பெங்களூரு அணி கோவாவை வென்று சூப்பர் லீக் கோப்பையைப் பெற்றது. அன்று முதலில் வாழ்த்துக் கூறித் தொலைபேசியில் அழைத்தவர் அந்தச் சென்னை விருந்தினரே. 2023ஆம் ஆண்டு ரியாத் நகரில் மேகாலயத்தை வென்று, 54 ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியபோது, பெரியவரும் பேரனும் அண்டைவீட்டுக் கன்னடக் குடும்பத்தாருக்கு இனிப்பு வழங்கினர்.

பின்னர் 2025ஆம் ஆண்டு வந்தது. ஏப்ரல் இறுதிப்போட்டியில் பெங்களூரு கூடுதல் நேரத்தில் மோகன் பகானிடம் 1-2 எனத் தோற்றது. அடுத்த பருவத்தில் ஈடுசெய்யலாம் என்று இரசிகர் தேற்றிக்கொண்டனர். ஆனால், அடுத்த பருவமே ஐயத்துக்குரியதாயிற்று. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே 15 ஆண்டுகளுக்குச் செய்யப்பட்ட ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடிவடைய இருந்தது. அதனால் புதிய பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக ஜூலையில் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் வந்தும் பந்து உருளவில்லை. அரங்கில் ஆடுவோர் மட்டுமன்றிப் புல்தரையைப் பேணுவோர், சட்டை விற்போர், வாயில் காப்போர் எனப் பலரின் பிழைப்பும் அந்தப் பந்தோடு கட்டுண்டது.

கல்லூரியில் சேர்ந்துவிட்ட பேரன், “இனி என்ன ஆகும், தாத்தா?” என்று கவலையுற்றான். பெரியவர், டிவிஷன் ஆட்டங்கள் நடைபெறும் அசோக் நகர்க் கால்பந்து அரங்கிற்கு அவனை அழைத்தார். “உச்சிப்படி உடைந்தால் ஏணி சாய்ந்துவிடாது, அடிப்படி உடைந்தால்தான் சாயும். பெரிய லீக் நின்றபோதும் இந்தப் பிள்ளைகள் ஆடினால், அது திரும்பி வரும்போது ஆடுவதற்கு ஆள் இருக்கும்” என்றார்.

பேரன் இப்போது தெருவணியின் சிறுவர்களுக்கு மாலையில் பயிற்சி அளிக்கிறான். அங்கே தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் ‘பந்தைக் கொடு’ என்ற குரல் எழுகிறது. எம்மொழியில் கேட்டாலும் பந்து உரியவனிடம் போய்ச் சேர்கிறது.

அருஞ்சொற்பொருள்

வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
மாகாணம் – ஆங்கிலேயர் ஆட்சிக்கால நிலப்பிரிவு
பருவம் – ஓராண்டில் போட்டிகள் நடைபெறும் காலம்
ஐயம் – சந்தேகம்

பயிற்சி

1. கௌதமபுரம் ‘மினி பிரேசில்’ என அழைக்கப்படுவதற்குப் பொருத்தமான சான்றுகளைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
2. ‘பாதி ஏணி செய்திருக்கிறார்கள்’ – பெரியவர் இவ்வாறு கூறக் காரணம் யாது?
3. பேரனின் கேள்விக்குப் பெரியவர் அளித்த விடையை உம் சொற்களில் எழுதுக.
4. உம் குடும்பத்தார் எந்த ஊரிலிருந்து வந்தனர்? நீர் வாழும் ஊரில் உமக்குப் பிடித்த விளையாட்டு அணி எது? பெரியவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.