பக்கவாட்டுக் கணக்கு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. மதியச் சாப்பாட்டு வேளை. வெல்டிங் சத்தம் ஓய்ந்திருக்கிறது. காலி டிரம்மின் மேல் காரம் போர்டு. இந்தப் பக்கம் வெல்டர். எதிரே, சாப்பாட்டுத் தூக்கோடு வந்த தங்கை. பிளஸ் ஒன் படிக்கிறாள். மடியில் இயற்பியல் நோட்டு.

அண்ணன் போரிக் பவுடரைத் தூவித் தேய்த்து, ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறார். கறுப்புக் காய் வலப்புறம் சாய்ந்தோடிக் குழியில் விழுகிறது. ஸ்ட்ரைக்கர் இடப்புறம் விலகி நிற்கிறது.

"இதேதாண்ணா வீட்டுக் கணக்கு!" நோட்டைத் திருப்புகிறாள்.

ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நேராக வரும் ஸ்ட்ரைக்கர், நின்ற காயில் மோதுகிறது. காய் 30 டிகிரி சாய்ந்து 2.6 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஸ்ட்ரைக்கர் எங்கே போகும்?

அம்புக்குறி வரைகிறாள். நேர்த்திசைக்கு ஒரு சமன்பாடு, பக்கவாட்டுக்கு ஒன்று. இருபரிமாண மோதல் என்றதும் மிரளும் பிள்ளைகள் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது வரியில்தான். இவள் விடவில்லை.

"மோதறதுக்கு முன்னால பக்கவாட்டுல உந்தமே இல்ல. அப்ப மோதுன பின்னாலயும் கூட்டுனா பூஜ்யந்தான் வரோணும். காய் வலப்பக்கம் எவ்வளவு எடுத்துக்குதோ, அவ்வளவு ஸ்ட்ரைக்கர் இடப்பக்கம்."

காயின் பக்கவாட்டு உந்தம் 5 × 2.6 × 0.5, அதாவது 6.5. அதை 15 ஆல் வகுத்தால் 0.43. நேர்த்திசையில் இருந்த 30-இல் காய்க்குப் போனது 11.26, மிச்சம் 18.74; வேகம் 1.25. விலகல் 19 டிகிரி. இந்த எடைகளுக்கு, எப்படி அடித்தாலும் ஸ்ட்ரைக்கர் 19.5 டிகிரியைத் தாண்டி விலகாது.

"டக்குனு சத்தம் வருதே, அதுல கொஞ்சம் போயிராதா?"

"சத்தத்துலயும் சூட்டுலயும் போறது ஆற்றல்ணா. மொத்த உந்தம் கொறையாது."

அண்ணன் பாதி கட்டிய லாரியைப் பார்க்கிறார். "நாலு ரோட்டுல லாரியும் காரும் மோதுனா?"

பாரத்தோடு லாரி 18.5 டன், மணிக்கு 36 கிலோமீட்டர். குறுக்கே வரும் கார் 1 டன், 72 கிலோமீட்டர். ஒட்டிக்கொண்டு நகர்வதாக வைத்துப் போடுகிறாள். இரண்டும் லாரி போன வழியிலேயே, 6 டிகிரி மட்டும் விலகி, 34 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

அண்ணன் விடையை இரண்டு முறை படிக்கிறார்.

"லாரிக்கு ரெண்டு கிலோமீட்டர்தான் கொறையுது. கார அப்படியே இழுத்துட்டுப் போயிருது. பாரம் ஏத்துனவந்தான் அம்மிணி, முன்னாடியே வேகத்தக் கொறைக்கோணும்."