கிணத்துக்குத் தக்க மோட்டார்

வீட்டுல படம் ஓட்டுற சர்வருக்கு பிராசசர் வாங்குறப்ப கோர் எத்தனைன்னு மட்டும் எண்ணாதீங்க. கிணத்துல ஊறுற தண்ணிக்குத் தக்க மோட்டார் போதும்.

என் போன் எடுக்குற ஹெச்இவிசி வீடியோ அம்மாவோட பழைய டிவியில ஓடாது. சர்வர்தான் அப்பப்ப மாத்திக் கொடுக்கணும். பிராசசருக்குள்ளயே அதுக்குன்னு தனி வீடியோ பகுதி இருந்தா, கோருக்குப் பாரம் இல்ல. இன்டெல்ல 7-ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் ஹெச்இவிசி வரைக்கும் அது தாங்கும். 2013-ல வந்த ஐ5-4570-ல அது கிடையாது. கணக்கு 84 வாட். 2023-ல வந்த என்100-க்கு 4 கோர்தான், 6 வாட். முழுப் பெட்டி கொஞ்சம் கூட இழுக்கும். ஆனா இன்வர்ட்டர் தாங்குது.

கரண்ட் போன சாயங்காலத்துலயும் அம்மா, களத்துமேட்டுல அப்பா கடைசியாப் பேசுன வீடியோவைப் பாக்குறாங்க.