பட்டம் பெறாத ஆய்வேடு

இன்றைய இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியை நிறமாலையாகப் பதிவுசெய்வது அவர் பணி. படிகத்தினுள் எலக்ட்ரான்கள் ஆற்றல்நிலை மாறும்போது எழும் அவ்வொளி மிக மங்கலானது. ஓர் ஒளிப்படத் தகட்டில் அது பதிய 15 முதல் 20 மணிநேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே உறங்கினார். 1942க்கும் 1945க்கும் இடையே ஐந்து கட்டுரைகள் வெளிவந்தன, ஐந்திலும் அவர் பெயர் மட்டுமே. (இன்று எத்தனை மாணவர்க்கு அது வாய்க்கும்?)

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லையென்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது.

பின்னர் வானிலைத் துறைக்குச் சென்றார். 1980இல் வெளியான அவருடைய இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேட்டைப் பொறியாளர்கள் கணக்கிடப் பயன்படுத்தினர். கணக்குப் போடுபவர் மேற்கோள் காட்டுவதில்லை. மேற்கோள் எண்ணிக்கையால் ஆய்வாளரை எடைபோடும் நம் குழுக்கள் அப்பயனை எந்தப் பத்தியில் எழுதும்? அந்த ஆய்வேடு பெங்களூர் இராமன் ஆய்வுக் கழக நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளோடு ஒன்றாகக் கட்டமைக்கப்பட்டு இருக்கிறது.