எந்தக் கணினி சொல்வது சரி?

நண்பர் புளூடூத்தில் அனுப்பிய ஒரு தொடர்பு எண்ணைச் சேமிக்காமல், அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். மேலே ‘விகார்டு, வெர்ஷன் 2.1’ என்ற அறிவிப்பு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ‘க’ என்ற ஓர் எழுத்துக்கு ஒன்பது குறிகள்: சமக்குறி, இ0, மறுபடி சமக்குறி, ஏஇ, மறுபடி சமக்குறி, 95. ஆங்கில எழுத்துகளை மட்டுமே நம்பி அனுப்ப முடிந்த பழைய மின்னஞ்சல் காலத்துப் பொட்டலம் கட்டும் முறை இது.

தொடர்பு அட்டைகளுக்கான விகார்டு முறையின் வெர்ஷன் 2.1 வெளியானது 1996இல். ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் நான்கும் சேர்ந்து அமைத்த வெர்சிட் என்ற கூட்டமைப்பின் வேலை. 1998இல் 3.0 வந்தது, 2011இல் 4.0 வந்தது. அப்படியிருக்க இந்தப் போன் ஏன் இன்னும் 2.1ஐப் பிடித்துத் தொங்குகிறது? புளூடூத்தின் விதிநூலைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. தொடர்பு அட்டையை அனுப்பும் கருவி எதுவானாலும் 2.1ஐக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. அனுப்பும் நெறிமுறைக்குப் பெயர் ஓபெக்ஸ். அதுவோ புளூடூத்துக்குச் சொந்தமானதே அல்ல. அகச்சிவப்பு ஒளியில் பேசிக்கொண்ட கைக்கணினிகளுக்காக ஐஆர்டிஏ என்ற அமைப்பு 1997இல் வகுத்ததை புளூடூத் அப்படியே எடுத்துக்கொண்டது.

இன்னும் பின்னால் போனால் ஒரு கால்குலேட்டரில் போய் முட்டுகிறோம். ஹியூலட் பேக்கர்டு 1986இல் வெளியிட்ட ஹெச்பி-18சி, கம்பியில்லாமல் தன் பிரின்டருக்கு எண்களை அனுப்பியது. ஒருவழிப் பேச்சுதான். 1990இல் வந்த ஹெச்பி-48எஸ்எக்ஸ் பதிலும் கேட்கக் கற்றுக்கொண்டது. 1993இல் ஐஆர்டிஏ உருவானபோது அடித்தளமாக எடுத்துக்கொண்டது இந்த நிறுவனத்தின் முறையைத்தான். பூஜ்யம் என்றால் ஒரு சின்ன மினுக்கு, ஒன்று என்றால் இருட்டு. மினுக்குக்கும் முழு நேரம் கிடையாது, ஒரு பிட்டுக்கு உரிய நேரத்தில் பதினாறில் மூன்று பங்குதான். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரத்தனம்! வேகம் விநாடிக்கு 1,15,200 பிட். தூரம் ஒரு மீட்டர். நேர் வெயில் விழுந்தால் பேச்சு தடுமாறும்.

டிஜிட்டல் டைரி என்று நாம் அழைத்த கருவிகளில் பல, உள்ளே போட்டதை வெளியே எடுக்க வழியில்லாத உண்டியல்கள். 1996இல் பாம் நிறுவனத்தின் பைலட் அதை மாற்றியது. 128 கேபி நினைவகம், ஒரு தாங்கி, அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் கைக்கருவியும் கணினியும் ஒத்துப்போகும். ஹாட்சிங்க் என்றார்கள். ஆனால் கம்பி இருந்தது. 1998இன் பாம் III-ல்தான் அகச்சிவப்புச் சாளரம் வந்தது. முகவரிப் பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் உங்கள் விசிட்டிங் கார்டு எதிரே இருப்பவரின் கருவிக்குப் பறக்கும். கணினியோடு கம்பியில்லாமல் ஒத்திசைக்கும் வசதி பாம் ஓஎஸ் 3.3இல்தான் உள்ளேயே வந்தது.

கருவி தயார், வீட்டுக் கணினிகள்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. 1998இன் முதல் ஐமேக்கில் அகச்சிவப்பு இருந்தது, அடுத்த ஆண்டு வந்த ஐந்து வண்ண மாடல்களில் இல்லை. விண்டோஸ் 98 அகச்சிவப்பை ஒரு சீரியல் போர்ட் போலக் காட்டி ஹாட்சிங்க்கை நம்பவைத்தது, விண்டோஸ் 2000 அந்த வசதியை நிறுத்திவிட்டது. 2002இல் பாமின் டங்ஸ்டன் டி புளூடூத்தோடு வந்தபோது நேருக்கு நேர் நீட்டிப் பிடிக்கும் சிரமம் தீர்ந்தது. ஆனால், கம்பியைக் கழற்றுவது இந்தக் கதையில் சுலபமான பகுதி என்றே நினைக்கிறேன். கடினமானது, இரண்டு கணினி வைத்திருப்பவரின் பாடு.

கைக்கணினியில் அத்தையின் எண்ணை மாற்றுகிறீர்கள். அந்தப் பதிவின்மேல் ‘மாறியது’ என்று ஓர் அடையாளம் விழுகிறது. வீட்டுக் கணினியோடு ஒத்திசைத்ததும் அடையாளம் அழிகிறது. அடுத்து மடிக்கணினிக்குப் போகிறீர்கள். அடையாளத்தை மட்டும் நம்பினால் எதுவும் மாறவில்லை என்றே அதற்குத் தோன்றும், அத்தையின் பழைய எண் அங்கேயே தங்கிவிடும். அதனால் கடைசியாக எந்தக் கணினியோடு பேசினோம் என்ற அடையாள எண்ணைப் பாம் நினைவில் வைத்திருந்தது. எதிரே வேறு கணினி என்றால் குறுக்குவழி கிடையாது: எல்லாப் பதிவுகளையும், அந்தக் கணினி போன முறை எடுத்துவைத்த பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடவேண்டும். ஒரே பதிவு இரண்டு பக்கமும் வெவ்வேறாக மாறியிருந்தால்? இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒரே பெயர் இரண்டு தடவை வந்து எரிச்சலூட்டியது இதனால்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் அழிப்பதைவிட அது நாணயமான முடிவு.

2000ஆம் ஆண்டு எரிக்சன், ஐபிஎம், நோக்கியா, பாம், சயான் முதலிய நிறுவனங்கள் கூடி சிங்க்எம்எல் என்ற பொது முறையைத் தொடங்கின. எதிரே உள்ள ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியாக ‘இதுவரை பேசியாயிற்று’ என்ற குறியை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. இரண்டு கணினிச் சிக்கலுக்கு முறையான தீர்வு அதுதான் என்பது என் கட்சி. நடுவே ஒரு சர்வரை வைத்து, அது சொல்வதே வேதம் என்று ஆக்கிய இன்றைய ஏற்பாடு, சிக்கலைத் தீர்க்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறது.

அகச்சிவப்புக்குத் திரும்பினால், லினக்ஸ் கருவகம் தன் 4.17 பதிப்பில், 2018இல், ஐஆர்டிஏவை முழுதாகக் கழற்றிவிட்டது. உங்கள் அலமாரியில் பழைய பாம் ஏதும் கிடந்தால் அகச்சிவப்பை நம்பாதீர்கள், தாங்கியையோ கேபிளையோ தேடி எடுங்கள். சீக்கிரம் செய்யுங்கள்: அந்தக் காலத்துப் பாம்களில் பேட்டரி முழுதும் தீர்ந்தால் முகவரிகளும் சேர்ந்தே போய்விடும்.