சிறிய குண்டு

‘ஃபத்ஹுல் முஈன்’ கிதாபின் வேட்டைப் பாடத்தை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். அதில் ‘புந்துக்’ என்னும் சொல் வரும்போதெல்லாம், “குண்டு” என்று பொருள் கூறிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவதே எம் வழக்கம். அந்தக் குண்டின் எடை என்ன, உடலுக்குள் புகுந்து அது செய்வது என்ன என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் எண்ண நேர்ந்தது.

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் ஒரு பண்ணையில் கணக்கு எழுதுகிறார். அங்கே உரிமம் பெற்று வேட்டையாடலாம். முறுக்குக் கொம்புடைய ‘குடு’ மானைச் சுடப் பண்ணையார் அவரையும் அழைத்திருந்தார். “இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன, உஸ்தாத். ஒன்று .275, மற்றது .375. எதை எடுத்தால் மான் உயிரோடு கைக்குக் கிட்டும்?” என்று தொலைபேசியில் வினவினார். ஷாஃபிஈ மத்ஹபில் குண்டடியால் இறந்தது ஆகாது. உயிர் நிலைத்திருக்கையில் எட்டி அறுக்க வேண்டும். ஆகவே சிறியதையே எடுக்குமாறும், நெஞ்சை விலக்கிச் சுடுமாறும் சொன்னோம். சிறியது இரக்கமானது என்று எமக்குத் தோன்றிற்று.

மான் வயிற்றில் குண்டு வாங்கி முட்புதருக்குள் ஓடி மறைந்தது. இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காலையில் கண்டபோது இறந்து கிடந்தது, நரிகள் முந்திக்கொண்டிருந்தன. “இரவெல்லாம் உயிரோடு இருந்திருக்கும், உஸ்தாத்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகே தோட்டாக்களைப் பற்றிப் படிக்கலானோம். .275 ரிக்பி என்பது 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர். அதன் குண்டு ஏறத்தாழ 11 கிராம். யானை போன்ற பெருவிலங்குகளுக்கென 1898இல் வந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் குண்டோ 31 கிராம். ஆயினும் டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளை வீழ்த்தியவர், பெரும்பாலானவற்றுக்கு அந்த 11 கிராம் குண்டையே நம்பினார். அது மெலிந்து நீண்டது. கடின உறை கொண்டது. எலும்பைத் துளைத்து நேரே செல்லும். இறந்த யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தை அவர் கற்றுக்கொண்டார். அந்தக் கல்வி இல்லாதவன் கையில் அதே தோட்டா கொடுமையாகிவிடும். குறி சற்றுத் தவறினாலும் விலங்கை நிலைகுலையச் செய்வது பெருங்குண்டின் பயன். ஆனால் அதன் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடுபவன் குறியையே இழப்பான். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது 1912இல் பிறந்த .375; குண்டு 19 கிராம். காட்டெருமைக்கும் யானைக்கும் அந்த அளவுக்குக் குறைந்த துப்பாக்கி கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விதியுண்டு.

குடு மானுக்கு .275 போதாதது அன்று. மென்முனைக் குண்டு நெஞ்சில் பாய்ந்தால் சிறு துளையாய் நுழைந்து, உள்ளே மலர்ந்து, விரைவில் முடித்துவிடும். பிழை தோட்டாவில் இல்லை.

கிதாபை மீண்டும் விரித்தோம். பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் 16ஆம் நூற்றாண்டினர். போர்ச்சுக்கீசியர் துப்பாக்கி வெடித்த கரையில் வாழ்ந்தவர்கள். நெருப்பால் எறியப்படும் இரும்புக் குண்டை வேட்டைக்கு அவர்கள் தடுக்கிறார்கள். அது சுட்டெரித்து விரைந்து கொல்வதே காரணம். (துளைப்பதால் ஆகும் என்று யமன் நாட்டு ஷவ்கானீ பிற்காலத்தில் சொன்னது வேறு வழி.) தம் ஆசிரியர் வாயிலாக ஒரு விலக்கையும் மக்தூம் குறிக்கிறார்கள்: பெரிய பறவையின் சிறகு போன்றதை மட்டுமே துளைக்கும் எனக் கைதேர்ந்தவன் அறிந்தால் ஆகக்கூடும். எத்தனை முறை ஓதியிருப்போம்! சிறகு என்றிருந்ததை நாம் வயிறாக்கினோம். கைதேர்ந்தவன் என்றிருந்ததை அறவே விட்டுவிட்டோம்.

மாணவரை அழைத்து, அன்று சுடவே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றோம்.

“நான் இப்போது துப்பாக்கியைத் தொடுவதில்லை, உஸ்தாத்” என்றார். “பண்ணையார் .375ஆல் சுடுகிறார். நான் கத்தியோடு பின்னால் ஓடுகிறேன். இந்தப் பருவத்தில் ஒன்றைத்தான் உயிரோடு எட்ட முடிந்தது.”