தங்கம் போன பிறகும் ஓடுகிற கடிகாரம்

வானொலியில் நேரம் சொல்வது என் பிழைப்பு. காலை நிகழ்ச்சி முடிவதற்குள் மணி, தேதி, கிழமை என்று இருபது தடவையாவது சொல்லிவிடுவேன். கணினித் திரையே எல்லாவற்றையும் காட்டிவிடும். ஆனாலும் பழைய தங்கக் கைக்கடிகாரங்கள் மீது, அதிலும் ‘பெர்பெச்சுவல் காலண்டர்’ எனப்படும் நிரந்தர நாள்காட்டிக் கடிகாரங்கள் மீது எனக்குத் தீராத மோகம்.

அப்படி என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். தேதி காட்டும் சாதாரணக் கடிகாரத்துக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடியும்போதெல்லாம் நாம்தான் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். வருடத்துக்கு ஐந்து தடவை. நிரந்தர நாள்காட்டிக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை சுற்றும் சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. நான்கு வருடத்தின் 48 மாதங்களும் அதன் விளிம்பில் மேடும் பள்ளமுமாகச் செதுக்கப்பட்டிருக்கும். 31 நாள் மாதத்துக்குப் பள்ளம் இல்லை. 30 நாளுக்குச் சிறு பள்ளம். பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். ஒரு நெம்புகோல் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்து மாதத்துக்கு எத்தனை நாள் என்று தெரிந்துகொள்கிறது. பேட்டரியும் இல்லை, கணினியும் இல்லை. 2100 பிப்ரவரி வரை அதன் கணக்கு தப்பாது. 2100 நான்கால் வகுபட்டாலும் லீப் வருடம் அல்ல. அன்றைக்குத்தான் ஒரு மனிதக் கை அதற்குத் தேவைப்படும்.

நம் பஞ்சாங்கத்தை இந்தச் சக்கரத்தில் அடக்க முடியாது. தமிழ் மாதங்களுக்கு 29 முதல் 32 நாள் வரை உண்டு. சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்து அது வருடத்துக்கு வருடம் மாறும்.

கைக்கடிகாரத்தில் இந்த நுட்பத்தை முதலில் கொண்டுவந்தது ஜெனீவாவின் பட்டேக் பிலிப். பெண்கள் அணியும் பதக்கக் கடிகாரத்துக்காக 1898-இல் செய்த இயந்திரத்தையே 1925-இல் கைக்கடிகாரமாக்கினார்கள். 1941-இல் வந்த அவர்களின் 1518 என்ற மாடலில் 281 மட்டுமே செய்யப்பட்டன. பெரும்பாலானவை தங்கம். எஃகில் செய்தவற்றில் நான்குதான் வெளியே தெரிந்தவை. அவற்றில் ஒன்று 2016-இல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேல் போனது. தங்கத்தைவிட இரும்புக்கு விலை!

இதை அம்மாவிடம் சொன்னபோது, “காசு இருந்தா 916-ல ஒரு சங்கிலி வாங்குடா. அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம்” என்றார். அம்மாவின் நியாயத்தை நான் தள்ளுவதில்லை. அந்த நியாயம்தான் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தது.

பெரியப்பா தஞ்சோங் கிளிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். மலாக்கா நகரில் பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய சுவிஸ் தங்கக் கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. கிழமை, தேதி, மாதம் மூன்றும் காட்டும். ஆனால் நிரந்தர நாள்காட்டி அல்ல. மாதக் கடைசியில் பல்குத்தும் குச்சியால் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கித் தேதியைச் சரிசெய்வார். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதே, அன்று தோட்டத்தில் பாதிப்பேர் அவரிடம் வந்துதான் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

பெரியப்பா மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம் கையில் பணம் இல்லை. கடிகாரம் நகைக்கடைக்குப் போனது. கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, இயந்திரத்தைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, தங்கக் கூட்டை மட்டும் நிறுத்தார். முதல் தவணைக் கட்டணம் அதில் கட்டப்பட்டது. அக்கா இன்று ஆசிரியை.

அந்த இயந்திரம் இப்போது என்னிடம் இருக்கிறது. கூடு இல்லை, கண்ணாடி இல்லை. சாவி கொடுத்தால் ஓடுகிறது. என்னிடமுள்ள பதினொரு கடிகாரங்களில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். நிரந்தர நாள்காட்டி ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதன் விலைக்கு ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். அதற்காக வருத்தமும் இல்லை. ஆனால் தங்க விலை ஏறும்போதெல்லாம் எத்தனை நல்ல கடிகாரங்கள் இப்படி உரிக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால்தான் மனம் பதைக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் தாத்தாவின் கடிகாரம் ஒன்று இருக்கலாம். விற்க வேண்டிய நிலை வந்தால் விற்கத்தான் வேண்டும். அதற்கு முன் பழைய கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் பின்மூடியைத் திறந்து காட்டுங்கள். உள்ளே 750 என்றிருந்தால் 18 காரட், 585 என்றிருந்தால் 14 காரட். ‘மைக்ரான்’ என்று எழுதியிருந்தால் அது முலாம். பளபளக்க வேண்டும் என்று மெருகு போடாதீர்கள். சேகரிப்பாளர்கள் தேய்ந்த பழமையைத்தான் விரும்புகிறார்கள். இரவு ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை மூன்று மணிவரை தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே தேதிப் பற்சக்கரங்கள் பிணைந்திருக்கும், பல் உடையலாம். எடைக்கு விற்பதா, கடிகாரமாக விற்பதா என்று இரண்டு விலையையும் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

போன தீபாவளிக்கு வந்த அக்கா, பெரியப்பாவின் இயந்திரத்துக்குப் புதுக் கூடு செய்யச் சொன்னார். தங்கத்திலா என்று கேட்டேன்.

“வேணாம் தம்பி, எஃகுலயே செய். அப்பதான் யாரும் உருக்க மாட்டாங்க” என்றார்.