நிறுவும்போதே தொடங்குகிறது ஆய்வு

மழை, வெப்பம், கடல் நீரோட்டம் என எதை ஆராய்ந்தாலும் தரவு நம் கைக்கு வருவது பெரும்பாலும் நெட்சிடிஎஃப் கோப்பாகத்தான். அமெரிக்காவின் போல்டர் நகரில் இருக்கும் யூனிடேட்டா அமைப்பு 1980களின் இறுதியில் உருவாக்கிய வடிவம் இது. எண்கள் மட்டுமல்ல, அவை எதன் அளவு, என்ன அலகு, எந்த இடம், எந்த நாள் என்ற விவரமும் ஒரே கோப்புக்குள் இருக்கும். அதைப் பைத்தானில் திறந்து படிக்க நெட்சிடிஎஃப்4 என்ற நூலகம் இருக்கிறது. மழைத் தரவோடு வேலை செய்யும் எனக்கு அது அன்றாடக் கருவி. புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நிறுவுவதைத் தொல்லை என்று நினைத்து அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஆய்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பைத்தானில் நாம் எழுதும் நான்கு வரிகளுக்கு அடியில் பல அடுக்குகள் உண்டு. சி மொழியில் எழுதப்பட்ட நெட்சிடிஎஃப் நூலகம் ஒன்று. அதற்குக் கீழே எச்டிஎஃப்5. நெட்சிடிஎஃப்பின் நான்காம் பதிப்பு தரவைச் சேமிப்பது இந்த வடிவத்தில்தான். அதற்கும் கீழே, தரவைச் சுருக்கி வைக்கும் ஜீலிப். முன்பெல்லாம் இவற்றைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து, எது எங்கே இருக்கிறது என்று கணினிக்குப் பாதை காட்டி, கடைசியில்தான் பைத்தான் பக்கம் வர முடியும். இப்போது பிப் அல்லது கான்டா என்ற நிறுவல் கருவியில் ஒரே கட்டளை போதும். வேலை எளிதானது நல்லதே. ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடவும் அது வழிசெய்துவிட்டது.

தெரியாததன் விலை ஒருநாள் தெரியும். எச்டிஎஃப்5 கோப்புகளை நேரடியாகப் படிக்கும் எச்5பை என்ற நூலகமும் நெட்சிடிஎஃப்4ம் ஒரே நிரலில் சேரும்போது, இரண்டும் தத்தம் எச்டிஎஃப்5ஐக் கொண்டுவந்திருக்கலாம். ஒரு பதிப்புக்காகக் கம்பைல் ஆனது ஓடும்போது வேறு பதிப்பைச் சந்தித்தால், எச்டிஎஃப்5 எச்சரிக்கை எழுதிவிட்டு நிரலையே நிறுத்திவிடும். அந்தச் சோதனையை அணைத்துவைக்க ஒரு சூழல் மாறி இருக்கிறது. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். தரவு பழுதாகிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த காவல் அது. ஒவ்வொரு ஆய்வுக்கும் தனிச் சூழல் அமைத்து, எல்லா நூலகங்களையும் கான்டா-ஃபோர்ஜ் போன்ற ஒரே இடத்திலிருந்து எடுப்பதுதான் சரியான வைத்தியம்.

நிறுவி முடித்ததும் எண்களில் கைவைக்கக் கூடாது. முதலில் என்சிடம்ப் கட்டளையால் கோப்பின் தலைப்பை மட்டும் விரித்துப் படிக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் கால் பாகைக் கட்டங்களிலான மழைத் தரவை எடுத்துக்கொள்வோம். 1901 முதல் ஆண்டுக்கொரு கோப்பு. அட்சம் 6.5 முதல் 38.5 வரை 129 புள்ளிகள், தீர்க்கம் 66.5 முதல் 100 வரை 135 புள்ளிகள். இது தெரிந்தால் சென்னையை ஒட்டிய 13.0, 80.25 புள்ளி அட்ச வரிசையில் 26, தீர்க்க வரிசையில் 55 என்று கையாலேயே கணக்கிடலாம். பைத்தானில் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும்.

இடம் கிடைத்துவிட்டது. நாள்? 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழையை டிசம்பர் 1 என்ற தேதியில் மட்டும் தேடினால் அதன் பெரும்பகுதி கிடைக்காது. இந்தியாவில் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. முந்தைய 24 மணி நேர மழை அன்றைய தேதியில் பதிவாகும். ஆகவே பார்க்க வேண்டியது டிசம்பர் 2, வரிசையில் 335. அங்கேயும் தாம்பரத்தில் பதிவான 49 சென்டிமீட்டரை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. கட்டத்தின் மதிப்பு சுற்றியுள்ள நிலையங்களின் அளவுகளைத் தொலைவுக்கேற்ப எடையிட்டுக் கணித்தது. ஒரு மழைமானியின் உச்சம் அதில் தணிந்துதான் தெரியும். இவை எதையும் நிரல் நமக்குச் சொல்லாது.

அடுத்தது, கடல். இந்தத் தரவில் மதிப்பில்லாத கட்டங்களுக்கு -999 என்று போடுவார்கள். கோப்பின் தலைப்பில் அந்தக் குறிப்பு இருந்தால் நெட்சிடிஎஃப்4 தானாகவே அவற்றை மறைத்துவிட்டுத்தான் நமக்குத் தரும். இந்தத் தரவின் பைனரி கோப்பை யாரோ நெட்சிடிஎஃப்பாக மாற்றும்போது அந்தக் குறிப்பை விட்டிருந்தால், -999 ஒரு மழை அளவாகவே கணக்கில் சேரும். எட்டு நிலக் கட்டங்களில் தலா 200 மில்லிமீட்டர், ஒன்பதாவது கடல் என்று வையுங்கள். சராசரி 200 வர வேண்டிய இடத்தில் 66.8 வரும். கழித்தல் எண் வந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள், 66.8ஐப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? அதனால் எந்தக் கோப்பிலும் மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு, மறைக்கப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கை மூன்றையும் அச்சிட்டுப் பார்த்த பிறகே நான் சராசரிக்குப் போவேன்.

இந்த நூலகத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதன் பொறுமை. கோப்பைத் திறந்ததும் எல்லாவற்றையும் நினைவகத்தில் கொண்டுவந்து கொட்டாது. கேட்ட பகுதியை மட்டுமே படிக்கும். ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 தரவில் உலகம் முழுவதற்குமான ஒரு மாறியின் ஓராண்டு மணிநேர மதிப்புகள் 900 கோடிக்கு மேல். மதிப்புக்கு 4 பைட் என்றால் 36 ஜிபி. நமக்கு வேண்டியது தமிழ்நாடு மட்டும் என்றால் அந்த அட்ச, தீர்க்க எல்லையைச் சொல்லிக் கேட்டால் போதும், சாதாரண மடிக்கணினியே சமாளிக்கும். ஆனால் தரவு வட்டில் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. ஒரு நாளின் முழு வரைபடம் ஒரு துண்டு என்று அடுக்கியிருந்தால், ஒரே ஊரின் ஆண்டு முழு மழையைக் கேட்கும்போது அத்தனை துண்டுகளையும் பிரித்தாக வேண்டும். நிரல் மெதுவாக ஓடினால் பைத்தானைக் குறை சொல்லும் முன் துண்டின் அளவைப் பாருங்கள்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் வரைபடம் போடுவதற்கு முன், நெட்சிடிஎஃப்4, நெட்சிடிஎஃப், எச்டிஎஃப்5, பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பை ஆகியவற்றின் பதிப்பு எண்களை நிரலையே அச்சிடச் சொல்லி, முடிவுகளோடு சேர்த்து வையுங்கள். உங்கள் கணக்கை நாளை வேறொருவர் திரும்பப் போட்டுப் பார்க்க முடிந்தால்தான் அது அறிவியல்.